நான்கு பேரில் ஒருவர் பொய் சொன்னால்

(தேவாரம் பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வருபவர்கள் கடைசி வரிசைக்குப் போகலாம். ஆனால் கடைசியில் நான்கு பேரை முன்னால் அழைப்பேன். அதற்குள் விழித்துக்கொள்ளுங்கள்.

பிளாக்செயின் என்ற சொல் நம் பள்ளி அலுவலகத்தின் வாசல் வரை வந்துவிட்டது. 2020-இல் தமிழ்நாடு அரசு பிளாக்செயினுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு மின்னாளுமை முகமை 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் ஒரு பிளாக்செயின் கட்டமைப்பை உருவாக்கியிருக்கிறது. சான்றிதழ்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள 'இ-பெட்டகம்' செயலி வந்திருக்கிறது. சி.பி.எஸ்.இ. வாரியமும் தேசியத் தகவலியல் மையத்தோடு சேர்ந்து மதிப்பெண் ஆவணங்களை இப்படிப் பதிவு செய்யத் தொடங்கியது. நம்மிடம் படித்த பிள்ளையின் சான்றிதழை நாளைக்கு ஒரு கல்லூரியோ வெளிநாட்டு நிறுவனமோ தாளைப் பார்க்காமல் இந்தப் பதிவைப் பார்த்தே ஏற்றுக்கொள்ளும் காலம் வரலாம்.

'யாராலும் திருத்த முடியாது, யாரும் ஏமாற்ற முடியாது' என்று இதை விளம்பரப்படுத்துகிறார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை யாரும் பெரிதாக எழுதிப் போடுவதில்லை. அந்த நிபந்தனையைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடிய கணக்குதான்.

முதலில் பிளாக்செயின் என்ன என்பதை நம் ரொக்கப் புத்தகத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன். ரொக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலைப்பில் 'கொண்டுவந்தது' என்று எழுதுகிறோம். பத்தாம் பக்கத்தில் யாராவது ஓர் எண்ணை மாற்றினால் பதினோராம் பக்கத்துத் தலைப்பு ஒத்துப்போகாது. பிளாக்செயினிலும் இதே ஏற்பாடுதான். கூட்டுத்தொகைக்குப் பதிலாக, ஒரு பக்கத்தின் எழுத்து முழுவதையும் கணக்கிட்டு அதற்கு ஒரு கைரேகை எண் எடுக்கிறார்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுக்க வேறாகிவிடும். அந்தக் கைரேகை அடுத்த பக்கத்தில் ஏறுகிறது. பக்கங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன.

தணிக்கை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் உடனே கேட்பீர்கள்: 'புத்தகத்தையே முழுக்கப் புதிதாக எழுதிவிட்டால்?' சரியான கேள்வி. எழுதிவிடலாம். சங்கிலி மட்டும் அதைத் தடுக்காது. அதனால்தான் அதே புத்தகத்தின் நகலைப் பல பேரிடம் கொடுத்து வைக்கிறார்கள். ஒருவர் மாற்றி எழுதினால் மற்றவர்களின் நகல் காட்டிக்கொடுக்கும். நல்லது. இங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பமாகிறது. நகல் வைத்திருப்பவர்களிலேயே ஒருவர் பொய் சொன்னால்? அதுவும் ஒரே பொய்யை எல்லாரிடமும் சொல்லாமல், ஆளுக்கொரு பொய் சொன்னால்? எந்த நகல் உண்மையானது என்று யார் முடிவு செய்வது?

இந்தக் கேள்வி பிளாக்செயினுக்கு ரொம்ப முந்தையது. நாசாவுக்காக, விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணினி ஒன்றை அமெரிக்காவில் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கணினி பழுதானால் விமானம் விழுந்துவிடக் கூடாது என்று பல கணினிகளை வைத்தார்கள். ஒரு பழுதான பாகம் ஒரு கணினிக்கு ஓர் அளவையும் இன்னொரு கணினிக்கு வேறோர் அளவையும் தந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதில் வேலை செய்த மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் மூவரும் 1980-இல் இதன் கணித விடையை வெளியிட்டார்கள். 1982-இல் அதையே ஒரு கதையாகச் சொன்னார்கள். ஒரு கோட்டையைச் சுற்றி முகாமிட்டிருக்கும் பைசாந்தியத் தளபதிகள். ஒன்றாகத் தாக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றாகப் பின்வாங்க வேண்டும். அவர்களில் சிலர் துரோகிகள். லாம்போர்ட் முதலில் அல்பேனியத் தளபதிகள் என்றுதான் வைக்க நினைத்தாராம். அல்பேனியர்கள் வருத்தப்படுவார்கள் என்று உடன் வேலை செய்தவர் சொல்ல, இப்போது உலகத்தில் இல்லாத ஒரு பேரரசின் பெயரைப் பிடித்தார். அதனால் இந்தச் சிக்கலுக்கு 'பைசாந்தியத் தளபதிகள் சிக்கல்' என்று பெயர் நின்றுவிட்டது.

நமக்குப் பைசாந்தியம் தூரம். நம் ஊரிலேயே வைத்துப் பார்ப்போம்.

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், ராசிங்கபுரம் எல்லா ஊரிலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் அம்மாக்கள். சாக்கலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்று நம் ஊர் எவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது இன்னும் வராததால் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் போகிறார்கள். கதைக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கூலியைக் கூட்டித் தரச் சொல்லி ஒரு நாள் யாரும் மலையேறக் கூடாது என்று யோசிக்கிறார்கள். எல்லாரும் நின்றால் கூலி கூடும். எல்லாரும் போனால் வழக்கமான கூலியாவது கிடைக்கும். ஓர் ஊர் மட்டும் நின்று மற்றவர்கள் போய்விட்டால், நின்றவர்களுக்கு அன்றைய கூலியும் போச்சு, வேலையும் போகலாம். கூடிப் பேச நேரமில்லை. ஊருக்கு ஓர் அக்கா, ஒருவருக்கொருவர் தொலைபேசியில்தான் பேச முடியும். அந்த அக்காக்களில் யாரோ ஒருவரை யாரோ விலைக்கு வாங்கியிருக்கலாம்.

முதலில் மூன்று ஊர். தேவாரத்து அக்கா மற்ற இருவரையும் அழைத்து 'நாளைக்கு ஏறமாட்டோம்' என்று சொல்ல வேண்டும். கோம்பை அக்காவும் பண்ணைப்புரத்து அக்காவும் தாங்கள் கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கோம்பை அக்காவின் காதோடு நாமும் காது வைத்துக் கேட்போம். தேவாரத்திலிருந்து 'ஏறமாட்டோம்' என்று வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து 'என்னிடம் தேவாரத்து அக்கா ஏறுவோம் என்றுதான் சொன்னார்' என்று வருகிறது. இப்போது பொய் சொன்னது யார்? பண்ணைப்புரத்து அக்கா கேட்டதை மாற்றிச் சொல்கிறாரா? இல்லை, தேவாரத்து அக்காவே ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறாரா? கோம்பை அக்கா காதில் விழுந்தது இரண்டு நிலையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னும் பத்து முறை அழைத்துப் பேசினாலும் முடியாது. மூன்று பேரில் ஒருவர் பொய் சொன்னால் மற்ற இருவரும் நிச்சயமாக ஒரே முடிவுக்கு வர வழியே இல்லை என்பதைத்தான் அந்த மூவர் நிறுவினார்கள். இது கணினியின் வேகத்தைப் பொறுத்த குறையும் இல்லை. எந்தக் கணினியாலும் முடியாது.

நான்காவதாக ராசிங்கபுரத்து அக்காவைச் சேருங்கள். பண்ணைப்புரத்து அக்கா பொய்யர் என்று வைத்துக்கொண்டால், கோம்பை அக்காவுக்கு மூன்று செய்தி கிடைக்கிறது: தேவாரத்திலிருந்து நேராக 'ஏறமாட்டோம்', ராசிங்கபுரம் சொன்னது 'ஏறமாட்டோம்', பண்ணைப்புரம் சொன்னது 'ஏறுவோம்'. இரண்டுக்கு ஒன்று. பெரும்பான்மையை எடுத்துக்கொள்கிறார். ராசிங்கபுரத்து அக்காவுக்கும் இதே கணக்கு, இதே முடிவு. தேவாரத்து அக்காவே பொய்யர் என்றால்? இரண்டு பேரிடம் 'ஏறமாட்டோம்', ஒருவரிடம் 'ஏறுவோம்' என்று சொல்லிவிட்டார். மூன்று பேரும் உண்மையாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். மூன்று பேர் கையிலும் அதே மூன்று சொற்கள்: மாட்டோம், மாட்டோம், ஏறுவோம். மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். பொய்யர் பிரிக்கப் பார்த்தார். பிரிக்க முடியவில்லை.

ஒரு பொய்யருக்கு நான்கு பேர் வேண்டும். இரண்டு பொய்யருக்கு ஏழு. மூன்று பொய்யருக்குப் பத்து. பொய்யர்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். பொய்யர் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரைதான் பாதுகாப்பு. நான் சொன்ன நிபந்தனை இதுதான்.

கணித ஆசிரியர்கள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம். தொலைபேசியில் சொல்வதற்குப் பதில் கையெழுத்துப் போட்ட சீட்டாகக் கொடுத்தால்? பண்ணைப்புரத்து அக்கா தேவாரத்தின் கையெழுத்தைப் போலியாகப் போட முடியாது என்றால், மூன்று பேரே போதுமே! உண்மைதான். அதையும் அந்த 1982 கட்டுரையே சொல்கிறது. ஆனால் அதற்குச் சீட்டு குறித்த நேரத்துக்குள் வந்து சேரும் என்ற உறுதி வேண்டும். மெட்டு ஏறும்போது சிக்னல் எப்படிப் போய்ப் போய் வரும் என்று நமக்குத் தெரியும். செய்தி வரவில்லை என்றால், அந்த அக்கா வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரா, சிக்னல் இல்லையா என்று சொல்ல முடியாது. இணையத்திலும் இதே கதைதான். நான்கு பேரில் ஒருவர் பேசாமல் போகலாம் என்பதால், மூன்று பேரிடமிருந்து செய்தி வந்ததும் முடிவெடுத்தாக வேண்டும். ஆனால் பேசாமல் போனவர் சிக்னல் கிடைக்காத நல்லவராக இருந்து, பேசிய மூவரில் ஒருவர் பொய்யராகவும் இருக்கலாம். அப்போதும் இரண்டு உண்மைக்கு ஒரு பொய். தப்பிக்கலாம். ஆள் மூன்றே பேர் என்றால் இருவரோடு முடிவெடுக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்று, தீர்ப்பு இல்லை. சுற்றி வந்து அதே நான்குக்கே வந்துவிட்டோம். 1999-இல் மிகெல் காஸ்ட்ரோ, பார்பரா லிஸ்கோவ் இருவரும் இதை உண்மையான கணினிப் பிணையத்தில் நல்ல வேகத்தில் நடத்திக் காட்டினார்கள். இன்றைய பல பிளாக்செயின்களுக்கு அந்த வேலைதான் முன்னோடி.

பிட்காயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அது யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற சந்தை. அங்கே தலையை எண்ண முடியாது; ஒரே ஆள் ஆயிரம் முகமூடி போட்டுக்கொண்டு வருவார். அதனால் தலைக்குப் பதிலாகச் செய்த வேலையை, அதாவது எரித்த மின்சாரத்தை எண்ணுகிறார்கள். பாதிக்கு மேல் கணக்கிடும் திறன் ஒரே கூட்டத்திடம் போனால் முடிந்தது. நடக்காத விஷயமில்லை. எத்திரியம் கிளாசிக் என்ற நாணயத்தில் 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் அப்படித்தான் பதிவுகளைப் பின்னோக்கித் திருத்தி, ஒரே பணத்தை இரண்டு முறை செலவழித்தார்கள். 'யாராலும் திருத்த முடியாது' என்ற வாக்கியத்தின் கதி அது. அரசு அமைப்புகளுக்கு இந்த வகை பொருந்தாது. அங்கே யார் யார் நகல் வைத்திருப்பது என்று பெயர் குறித்துச் சேர்க்கிறார்கள். எனவே நமக்கு முக்கியம் அந்த நான்கு, ஏழு, பத்து கணக்குதான்.

இங்கே ஒரு விவரம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நகல் வைத்திருக்கும் கணினி கெடுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, நின்றுபோவது: மின்சாரம் போச்சு, வட்டு எரிந்துபோச்சு. இன்னொன்று, ஓடிக்கொண்டே பொய் சொல்வது. விடுப்பில் போன ஆசிரியரையும், வந்து உட்கார்ந்துகொண்டு தப்பாகச் சொல்லித்தரும் ஆசிரியரையும் போல. முதல் வகையைச் சமாளிப்பது சுலபம். மூன்று கணினி இருந்தால் ஒன்று நின்றாலும் வேலை நடக்கும். ஐந்து இருந்தால் இரண்டு நிற்கலாம். இரண்டாம் வகைக்குத்தான் நான்கும் ஏழும் வேண்டும்.

நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் பரவலாகப் பயன்படுத்தும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருளில், பதிவுகளை வரிசைப்படுத்தும் பகுதி பல ஆண்டுகளாக முதல் வகைப் பழுதை மட்டுமே தாங்கும்படி இருந்தது. பொய்யரைத் தாங்கும் ஏற்பாடு 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அதில் சேர்ந்தது. மென்பொருளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் விற்பவர் மேடையில் ஏறி 'ஏமாற்றவே முடியாது' என்று சொல்லும்போது, கீழே ஓடிக்கொண்டிருப்பது நின்றுபோவதை மட்டும் தாங்கும் ஏற்பாடாக இருக்கலாம். பிளாக்செயின் என்று பெயர் இருப்பதாலேயே பொய்யரைத் தாங்கிவிடாது.

சரி, நான்கு கணினி வைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே கட்டடத்தில், ஒரே அலுவலரின் கடவுச்சொல்லில் ஓடினால் அது நான்கா? தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்த எல்லாருக்கும் இதற்கு விடை தெரியும். நான்கு விடைத்தாளில் ஒரே தப்பு, அதே இடத்தில், அதே எழுத்துப்பிழையோடு வந்தால் நான்கு பிள்ளைகள் யோசித்து எழுதினார்கள் என்றா சொல்வோம்? எழுதியது ஒருவர், மற்ற மூன்றும் நகல். மூன்றில் ஒரு பங்குக் கணக்கு, தனித்தனியாக யோசிக்கும் நான்கு பேருக்குத்தான் பொருந்தும். நகல் வைத்திருப்பவர்கள் தனித்தனியானவர்களா என்பதை எந்தக் கணிதமும் சரிபார்த்துத் தராது. அது மனிதர்கள் விதி போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

அந்த விதியை எழுதிப் பார்த்தவர்கள் நம்மிடமே இருந்தார்கள். சமூக அறிவியல் ஆசிரியர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டை ஆண்டுதோறும் நடத்துகிறீர்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள். குடவோலை முறை என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, யார் நிற்கலாம் என்ற தகுதிப் பட்டியலுக்குப் போய்விடுகிறோம். ஓலை எடுக்கும் காட்சியை மட்டும் தனியாகப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாது அல்லவா. அவர் வாசித்த பிறகு, அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். வாசிப்பவர் பொய் சொல்லலாம் என்பதை முதலிலேயே எதிர்பார்த்து வைத்த ஏற்பாடு இது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. ஒரே வீட்டின் நான்கு ஓட்டை நான்காக எண்ணக் கூடாது என்று புரிந்துகொண்டவர்கள் எழுதிய விதி. அந்தச் சபை நிலம் உடைய பிராமணர்களுக்கு மட்டுமான சபை, ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நகல் யாரிடம் இருக்கிறது என்று கேட்கும்போது, யாரிடம் இல்லை என்பதும் அதே கேள்விதான்.

இனி ஏலக்காய்க்கு வருகிறேன். 2021-இல் நறுமணப் பொருள் வாரியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து, மசாலாப் பொருள் எந்த வயலிலிருந்து வந்தது என்று பின்தொடர பிளாக்செயின் ஏற்பாடு ஒன்றை அறிவித்தன. முதலில் ஆந்திராவின் மிளகாய், மஞ்சள் விவசாயிகளிடம் சோதனை. இந்தச் சிந்தனை போடிக்கும் ஒரு நாள் வரலாம் என்பதால் சொல்கிறேன். போடியில் நடக்கும் மின்னணு ஏலத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மாதிரிக் காயைத் தட்டில் பார்த்து, உடைத்து, முகர்ந்து, கணினியில் விலை ஏற்றுகிறார்கள். அங்கே பிளாக்செயின் இல்லை. வாரியம் ஒன்றை நம்பித்தான் நடக்கிறது. ஒரு முறை ஏலத்தில் விற்ற காயே மறுபடி ஏலத்துக்கு வந்து, வரத்து அதிகம்போலக் காட்டி விலையை இறக்குகிறது என்பது விவசாயிகளிடம் பல காலமாக இருக்கும் புகார். மூட்டைக்கு மூட்டை பதிவு இருந்து, அந்தப் பதிவின் நகல் வியாபாரியிடமும் ஏலம் நடத்துபவரிடமும் மட்டுமின்றி விவசாயிகள் சங்கத்திடமும் இருந்தால், அந்த மறுவரவு உடனே தெரிந்துவிடும். ஒரே பணத்தை இரண்டு முறை செலவழிப்பதைத் தடுக்கும் அதே வேலைதான். பிளாக்செயினால் நம் ஊருக்கு உண்மையான பயன் இருக்கக்கூடிய இடம் இது என்று நினைக்கிறேன்.

ஆனால் மூட்டைமேல் 'ரசாயனம் தெளிக்காதது' என்று ஒருவர் பதிவு செய்கிறார். பொய். பத்து கணினியும் பத்து நேர்மையான ஆட்களும் அந்தப் பொய்யை எழுத்துப் பிசகாமல், யாரும் திருத்த முடியாதபடி காப்பாற்றி வைப்பார்கள். அவர்கள் ஒத்துக்கொள்வது 'இன்னார் இப்படிப் பதிவு செய்தார்' என்பதை மட்டும்தான். காயைக் கடித்துப் பார்க்க அந்தக் கணினிகளுக்குப் பல் இல்லை.

நம் பள்ளியில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது நாம்தான். ஜூன் மாதம் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர வருகிறது. அப்பாவும் அம்மாவும் மலையில். பிறந்தது இடுக்கிப் பக்கத்து மருத்துவமனையில். பிறப்புச் சான்றிதழ் தோட்டத்து வீட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. 'காய் எடுப்பு ஆரம்பிச்ச சமயம் பொறந்தான் சார்' என்பார் பாட்டி. நம் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத் திறந்து பாருங்கள், மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று! ஒரு தலைமுறையே கோடை விடுமுறையில்தான் பிறந்திருக்கிறது. அந்தத் தேதி பதிவேட்டிலிருந்து எமிஸுக்குப் போகிறது, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலுக்குப் போகிறது, மதிப்பெண் சான்றிதழுக்குப் போகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். எதைப் பார்த்துச் சரிபார்க்கிறார்? முந்தைய பதிவைப் பார்த்து. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் என மூன்று கையெழுத்து இருந்தாலும், மூன்றும் ஒரே பதிவேட்டைப் பார்த்துப் போட்டதென்றால் சாட்சி ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழைத் தனியாக வாங்கி ஒருவர், அம்மாவிடம் நேரில் கேட்டு ஒருவர் என்று பார்த்தால்தான் அது இரண்டாகும்.

இப்போதுவரை தப்பு நடந்தால் திருத்த வழி இருக்கிறது. அலைச்சல்தான், விண்ணப்பம், சான்று, மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆனாலும் வழி இருக்கிறது. திருத்தவே முடியாத பதிவு என்று பெருமையாகச் சொல்லும்போது, திருத்த வேண்டியிருக்கும் பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல அமைப்பில் பழைய பதிவை அழிக்காமல், அதன்கீழே திருத்தத்தையும் திருத்தியவர் பெயரையும் புதிய பதிவாகச் சேர்க்க முடியும். மாற்றுச் சான்றிதழில் தவறைச் சிவப்பு மையால் அடித்துத் தலைமையாசிரியர் சுருக்கொப்பம் இடுவதுபோல. அந்த வசதி இருக்கிறதா, அதை யார் செய்யலாம், எத்தனை பேர் ஒப்ப வேண்டும் என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் கேளுங்கள். நகல் எத்தனை, யார் யாரிடம், நின்றுபோவதை மட்டும் தாங்குமா, பொய்யையும் தாங்குமா என்றும் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் எழுதிக்கொண்டு போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். வற்புறுத்திக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. விசைப்பலகையில் இருப்பது நம் விரல்.

'அரசுதானே நடத்துகிறது, அரசை நம்பினால் போதாதா?' என்று நண்பர் ஒருவர் தேநீர் இடைவேளையில் கேட்டார். நம்பினால் போதும் என்றால் பிளாக்செயினே வேண்டாம். ஒரு நல்ல தரவுத்தளம், ஒழுங்கான காப்பு நகல், வருடம் ஒரு தணிக்கை. செலவும் குறைவு. பிளாக்செயினின் அவசியமே, யாரோ ஒருவரை மட்டும் முழுதாக நம்ப முடியாது என்பதில்தான் இருக்கிறது. நகல்கள் எல்லாம் அந்த ஒருவரிடமே இருந்தால் அது கூடுதல் மின்சாரச் செலவு மட்டும்தான்.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்று சொல்லி முடிக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை போதும். முதலில் மூன்று பிள்ளைகளை மூன்று மூலையில் நிறுத்துங்கள். ஒருவருக்கு மட்டும் ரகசியமாக 'நீ பொய்யர்' என்று எழுதிய சீட்டு. ஒருவர் முடிவைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்டதைக் காதோடு காதாகப் பகிர வேண்டும். பொய்யர் யார் என்று வகுப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்று சத்தம் போடுவார்கள். உடனே அதே சொற்கள் வரும்படி பொய்யரை மாற்றி இன்னொரு சுற்று நடத்துங்கள். சத்தம் அடங்கிவிடும். அந்த அமைதியில் நிரூபணம் என்றால் என்ன என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம். பிறகு நான்காவது பிள்ளை. ஏழு பேரை வைத்து இரண்டு பொய்யரோடு நடத்த ஆசைப்படாதீர்கள். அதற்குச் செய்தி மூன்று சுற்றுப் போக வேண்டும், நாற்பது நிமிடத்தில் முடியாது, பக்கத்து வகுப்பு ஆசிரியரும் வந்துவிடுவார்.

சீட்டுகள் இதோ மேசையில் இருக்கின்றன. மடித்துத்தான் வைத்திருக்கிறேன், எதில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்கும் தெரியாது. நான்கு பேர் வாருங்கள். கடைசி வரிசையிலிருந்தே வரட்டும்.